சர்க்கார் உதவிப் பணமும் பட்டியல் தணிக்கையும்

ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராவிட்டால், அநுபவமுள்ள குடியானவன் கடைமடைக்காரனைக் குற்றஞ் சொல்வதில்லை. வாய்க்கால் கரையோடு மதகு வரையில் நடந்து சென்று, உடைப்பு எங்கே என்று கண்ட பின்புதான் மண்வெட்டியை எடுப்பான். பொதுப்பணத்திலிருந்து குடியானவர்களுக்கும் ஏழைகளுக்கும் சர்க்கார் அளிக்கும் உதவித் தொகைகளின் விஷயமும் இத்தகையதே. பணம் உரியவனுக்குப் போகாமல் வேறொருவனுக்குப் போயிற்றென்று கேள்விப்பட்டவுடன், வாங்கினவனைப் பழிப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். பணம் கைமாறும் வேளையில் நேரும் தவறுகள் சிலவே. பெரிய தவறுகள் பட்டியல் எழுதப்படும் இடத்திலேயே நேர்ந்துவிடுகின்றன. ஆகையால் சர்க்காரின் கண்காணிப்பும், ஊராரின் கவனமும் முக்கியமாக அந்த இடத்தைச் சேரவேண்டியது அவசியம்.

இவ்விஷயம் தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் விசேஷமாகப் பற்றியது. மாடம்பாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், வேங்கைவாசல், பெரும்பாக்கம் முதலிய ஊர்களின் ஏரிப் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலங்களிற் பெரும் பகுதி இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் ஒன்றுசேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஏற்படுத்தப்பட்டது. அதன் எல்லைக்கு வெளியே அகரம்தென், முடிச்சூர் முதலிய ஊராட்சிகள் உள்ளன. பட்டாவில் ஒரு பெயரும், நிலத்தில் வேறொரு நிலைமையும் காணப்படும் இப்பிரதேசத்தில், விவசாயி யார் என்று நிர்ணயிப்பது தஞ்சாவூர் ஜில்லாவைக் காட்டிலும் கடினமானது.

பஞ்ச காலத்துப் பாடம்

கண்காணிப்பு என்றால் செலவைக் குறைப்பது என்று மட்டும் பொருள் கொண்டால் என்ன விளையும் என்பதற்குச் சென்னை மாகாணத்தின் சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு. 1876-ஆம் வருஷத்தில் பருவமழைகள் பொய்த்துப் போகவே, தாது வருஷப் பஞ்சம் என்று ஜனங்கள் இன்றும் சொல்லும் கொடிய பஞ்சம் தோன்றிற்று. வேலையில்லாத ஏழைகளுக்குச் சர்க்கார் நிவாரண வேலைகளை ஏற்படுத்தினர். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78-ல் அவ்விதம் வெட்டப்பட்டதே.

இந்திய சர்க்காரால் 1877 ஜனவரியில் அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்ட் டெம்பிள், உண்மையில் தேவையில்லாதவர்களும் நிவாரண வேலைக்கு வருகிறார்கள் என்று கருதி, ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசுமே போதுமென்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நாள் முழுதும் மண் வெட்டுகிறவனுக்கு இது போதாதென்று மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் கடுமையாக ஆட்சேபித்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு பருப்பு, காய்கறிகளும் வேண்டுமென்பது அவருடைய வாதம். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் நேர்ந்த உயிர்ச்சேதத்தை எந்த உத்தரவாலும் மீட்க முடியவில்லை. அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தனர்.

பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடாமல், எல்லோருடைய கூலியையும் ஒருங்கே குறைத்ததே அங்கு நிகழ்ந்த பிழை. பொய்யாக வந்தவன் ஒருவன் இருந்தானென்றால், அவனோடு உண்மையில் பசித்தவர்களும் தண்டனை அடைந்தனர். 1880-ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனின் அறிக்கையும், 1883-ஆம் வருஷத்துப் பஞ்ச விதித்தொகுப்பும் இந்த அநுபவத்தின் பின்னர் வந்தவையே. வேலை செய்ய இயலாதவர்களைக் கிராமந்தோறும் பெயர் பெயராகக் குறித்து, அப்பட்டியலைச் சரகத்து அதிகாரி நேரில் சோதிக்கும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது.

2020-ஆம் வருஷத்தில் நடந்தது

இதற்கு நேர்மாறான பிழை சமீப காலத்தில் நிகழ்ந்தது. நிலமுள்ள விவசாயக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000 வீதம் மூன்று தவணைகளில் வருஷத்துக்கு ரூ.6,000 அளிக்கும் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று மத்திய சர்க்காரால் தொடங்கப்பட்டது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கே என்றிருந்தது, அவ்வருஷம் ஜூன் மாதத்திலிருந்து நிலவுடைமையாளர் யாவருக்கும் விரிவாக்கப்பட்டது. பணம் நேராக வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், இடையில் எவரும் கமிஷன் பிடிக்க வழியில்லை என்று அநேகர் நம்பினர்.

2020-ஆம் வருஷத்தில், கொரோனா நோய் பரவியிருந்த மாதங்களில், தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் சேர்ந்தவர்களின் தொகை திடீரென்று உயர்ந்தது. சந்தேகங்கொண்டு விசாரித்ததில், நிலமே இல்லாதவர்களும், வேறு ஊர்க்காரர்களும், தொழில் வேறாயுள்ளவர்களும் விவசாயிகளாகப் பதிவாகியிருந்தது தெரிய வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய 13 ஜில்லாக்களில் இது கண்டுபிடிக்கப்பட்டது. தாம்பரம் அடங்கிய செங்கல்பட்டு ஜில்லாவும் அவற்றுள் ஒன்று. தவறாகச் சென்ற தொகை ரூ.110 கோடிக்கு மேற்பட்டதென்று மாநில விவசாய இலாகாவின் செயலாளர் அவ்வருஷம் செப்டம்பரில் அறிவித்தார். சோதிக்கப்பட்ட 5.95 இலட்சம் பெயர்களில் 5.38 இலட்சம் பெயர்கள் தகுதியற்றவை என்று பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. விசாரணை குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுப் போலீஸாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒப்பந்த ஊழியர்கள் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். 34 அதிகாரிகள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. தரகர்கள் பலர் கைதாயினர். கொடுக்கப்பட்ட பணத்தில் ஒரு பகுதி வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

உடைப்பு எங்கே ஏற்பட்டது?

பணம் கொடுத்த வங்கியிலோ, பணம் பெற்றவனுடைய சாமர்த்தியத்திலோ இந்த உடைப்பு ஏற்படவில்லை. ஒரு பெயரைப் பட்டியலில் ஏற்றி, அது சரியென்று ஒப்புக்கொள்ளும் அதிகாரம், இலாகா உத்தியோகஸ்தர்களுக்கு அளிக்கப்பட்ட கடவுச்சொல்லில் அடங்கியிருந்தது. அக்கடவுச்சொல் ஒப்பந்த ஊழியர் கைக்கும், அவர்கள் வழியாகக் கணினி நிலையக்காரர், தரகர் முதலியோர் கைக்கும் போய்விட்டது. முற்காலத்தில் கிராம முன்சீபு தம் முத்திரையைச் சாவடித் திண்ணையில் வைத்துவிட்டுப் போவாரானால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இதன் கடுமை விளங்கும். முத்திரை ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். கடவுச்சொல்லோ ஒரே இரவில் நூறு இடங்களில் இருந்து வேலை செய்யும்.

பெயர் கொடுத்த ஜனங்களிற் பலர் இதைக் கொரோனா நிவாரணம் என்று சொல்லக் கேட்டு, ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தவர்கள். அவர்களில் கூலி வேலை இழந்து வீட்டிலிருந்த ஏழைகளும் உண்டு. பின்பு பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று வந்தபோது, தரகனுக்குக் கொடுத்த பங்கு போகக் கையில் மிச்சமில்லாதவர்கள் பட்ட சங்கடம் சிறிதன்று.

மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சோதிக்கப்பட்ட 5.95 இலட்சத்தில் 5.38 இலட்சத்தைக் கழித்தால் சுமார் 57,000 பெயர்கள் எஞ்சுகின்றன. சந்தேகத்துக்கு உட்பட்ட கூட்டத்திலும் இத்தனை பேர் குற்றமற்றவர்களாக இருந்திருக்கின்றனர். பெயர் பெயராகச் சோதிக்காமல், ஒட்டுமொத்தமாக எல்லோரையும் நீக்கியிருந்தால், 1877-ல் நடந்த தவறே மறுபடியும் நடந்திருக்கும்.

இதனால் விளங்கும் விதி எளியது. பெயரை எழுதுபவர் ஒருவர், அதை நிலத்தோடும் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் மற்றொருவர், பணம் அனுப்ப உத்தரவிடுபவர் மூன்றாமவர் என்று இருக்கவேண்டும். இம்மூன்று வேலைகளும் ஒரே கையில் சேருமிடத்தில், எவ்வளவு நவீனமான இயந்திரத்தை வைத்தாலும் காவல் இல்லை. மேற்படி திட்டத்தின் விதிகளில், வருஷந்தோறும் நூற்றுக்கு 5 பேரை நேரில் சோதிக்கவேண்டுமென்று உண்டு. அது நல்ல விதியே. ஆனால் பணம் போன பின்பு செய்யும் சோதனை, பட்டியலில் பெயர் ஏறும்போது செய்யும் சோதனைக்கு ஈடாகாது.

தாம்பரம் சுற்றுப்புறத்தின் தனிச் சிக்கல்கள்

மேற்படி உதவிக்கு நிலம் கிராமத்தில் இருக்கிறதா, நகரத்தில் இருக்கிறதா என்ற பேதமில்லை. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தாலும், உண்மையில் சாகுபடி நடக்குமானால் அந்நிலம் கணக்கில் சேரும். ஆனால் பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தும், கல் நட்டு மனை பிரித்துவிட்ட நிலம் சேராது. பட்டாவை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரியும், நிலத்தைப் போய்ப் பார்க்கும் அதிகாரியும் இப்பக்கத்தில் ஒரே முடிவுக்கு வரமாட்டார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவதாக, தகுதியின்மைக்கு உரிய காரணங்கள் நகரத்தை அடுத்த ஊர்களில் அதிகம். முந்திய வருஷத்தில் வருமான வரி செலுத்தினவர்கள், கடைநிலை ஊழியர் நீங்கலாகச் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களும் இருந்தவர்களும், மாதம் ரூ.10,000-மும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுகிறவர்கள், தொழில் நடத்தும் டாக்டர்கள், வக்கீல்கள், என்ஜினீயர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கு இவ்வுதவி இல்லை. பூர்வீக நிலம் ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள் இவ்வூர்களில் அநேகர். பட்டா பெயரில் இருப்பதால் உதவியும் உண்டு என்று அவர்கள் எண்ணிவிடுவது பிழை.

மூன்றாவதாக, 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்களே கணக்கில் கொள்ளப்பட்டனர். அதன் பின் வாங்கினவர்களுக்கு இல்லை. உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தகப்பனார் காலமாகிப் பல வருஷங்களாகியும் பட்டாவை மாற்றிக்கொள்ளாத குடும்பங்கள் இதனால் நஷ்டமடைந்தன. குத்தகைக்குப் பயிரிடுபவனுடைய நிலைமை இன்னும் பரிதாபமானது. சேற்றில் இறங்குபவன் அவனாயிருந்தும், நிலவுடைமையே அளவுகோலாக வைக்கப்பட்டதால் அவனுக்கு இதில் இடமில்லை. இக்குறை கண்காணிப்பினால் தீரக்கூடியதன்று. திட்டத்தின் விதியையே மாற்றவேண்டிய விஷயம்.

புயல் நிவாரணமும் அடங்கலும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் பெய்த பெருமழையில் தாம்பரம் சுற்றுப்புறம் வெள்ளக்காடாயிற்று. அப்போது தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரூ.6,000 வீதம் நியாயவிலைக் கடைகளின் மூலம் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. முன்னதாகவே இருந்த குடும்ப அட்டைப் பட்டியல், முன்கூட்டிக் கொடுத்த சீட்டு, பலர் பார்க்கப் பணம் கொடுக்கும் கடை ஆகிய மூன்றும் அங்கு காவலாயின. புதுப்பட்டியல் அவசரமாக எழுதப்படாததே அதன் பெரிய அநுகூலம். பட்டியலில் இடம்பெறாத குடும்பங்கள் தனியே விண்ணப்பம் கொடுத்து விசாரணைக்குக் காத்திருக்க நேர்ந்தது.

பயிர்ச்சேத நிவாரணம் வேறு வகை. நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமான நெல் முதலிய இறவைப் பயிருக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு ரூ.13,500 என்றிருந்த தொகை அப்போது ரூ.17,000 ஆக உயர்த்தப்பட்டது. மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500. இத்தொகைக்கு ஆதாரம் வருவாய் இலாகாவும் விவசாய இலாகாவும் சேர்ந்து எடுக்கும் கணக்கு. அக்கணக்குக்கு ஆதாரம் கிராமக் கணக்கு 2 என்னும் அடங்கல். பசலிதோறும் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அடங்கலில் ஏற்றியிருந்தால், புயலுக்குப் பின் வாதமே இல்லை. நிலத்தைப் பாராமல் சாவடியில் இருந்தபடியே சென்ற வருஷத்து எழுத்தை இவ்வருஷமும் எழுதியிருந்தால், பயிரிட்டவனுக்கு நிவாரணம் தப்பும். தரிசாகப் போட்டவன் கேட்க வருவான். ஆகையால் அடங்கல் எழுதும் நாளே நிவாரணம் நிச்சயமாகும் நாள் என்று கிராம நிர்வாக அலுவலர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஊரார் முன் வாசித்தல்

பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஆனால் கிராமக் கணக்குகளை வருஷத்துக்கு ஒருமுறை தாலுகாவில் வைத்துச் சோதிக்கும் ஜமாபந்தி நின்றுவிடவில்லை. குடிகள் நேரில் சென்று மனுக்கொடுக்க அது நல்ல சந்தர்ப்பம்.

இதற்கும் மேலானது ஊரார் நடத்தும் தணிக்கை. 2005-ஆம் வருஷத்துத் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலைகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. 2011-ல் வந்த விதிகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அத்தணிக்கை நடக்கவேண்டுமென்றும், வேலையை நடத்தினவர்களே தணிக்கையை நடத்தலாகாதென்றும் வற்புறுத்தின. பணியாளர் பதிவேட்டிலுள்ள பெயர்களைச் சபையில் உரக்க வாசிக்கும்போது, இறந்தவன் பெயரும், ஊரை விட்டுப் போனவன் பெயரும் தாமாகவே வெளிப்பட்டுவிடும். ஜில்லாத் தலைநகரிலுள்ள எந்தக் கணக்கனும் அறியாததை, ஊர்க் கிழவி ஒருத்தி ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபைக்குரியவையாகக் குறிக்கப்பட்டன. மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்ட ஊர்களுக்குக் கிராம சபை இல்லையாயினும், பகுதி சபைகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. அவற்றின் முதற் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தபோது, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அன்றியும், மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் ஒருவரும் கேளாமலே அலுவலகங்கள் வெளியிடவேண்டுமென்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. பட்டியலைக் காட்டும்படி கேட்பது உத்தியோகஸ்தரை அவமதிப்பதாகாது. அது சட்டம் அளித்த உரிமை.

செய்யவேண்டியவை

நிலச்சொந்தக்காரர்கள் கவனிக்கவேண்டியவை பின்வருமாறு:

1. குடும்பத்தில் பட்டாதாரர் காலமானால், வாரிசுச் சான்று பெற்றுத் தாமதமின்றிப் பட்டாவை மாற்றிக்கொள்ளவேண்டும். பாகப்பிரிவினையானால் உட்பிரிவும் செய்துகொள்ளவேண்டும்.

2. ஒவ்வொரு பசலியிலும் தம் பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று, பயிர் நிலத்தில் நிற்கும்போதே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

3. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், கைபேசிக்கு வரும் இரகசிய எண் ஆகியவற்றைத் தரகர் கையில் கொடுக்கலாகாது. விண்ணப்பம் கொடுத்தால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கவேண்டும்.

4. தமக்குத் தகுதியில்லை என்று அறிந்தவர்கள் தாமாகவே விலகிக்கொள்ளவேண்டும். பின்னால் சர்க்கார் பிடித்தம் செய்வதைக் காட்டிலும் அது கௌரவமானது.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை:

1. தமக்கு அளிக்கப்பட்ட கடவுச்சொல் தம் கையெழுத்துக்குச் சமம். வேலை மிகுதியைக் காரணமாகச் சொல்லி, அதை உதவியாளரிடமோ கணினி நிலையத்திலோ கொடுப்பது வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதேயாகும்.

2. பட்டா, அடங்கல், நிலத்தின் நேர்ப்பார்வை ஆகிய மூன்றும் ஒத்த பின்பே ஒரு பெயருக்குச் சம்மதம் தெரிவிக்கவேண்டும்.

3. புதிதாகச் சேர்ந்த பெயர்களையும் நீக்கப்பட்ட பெயர்களையும் தனித்தனியே எழுதிச் சபையில் வாசிக்கவேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டிவைக்கவேண்டும்.

4. ஒரு பெயரை நீக்குமுன், காரணத்தை அவருக்கு எழுத்தில் தெரிவித்து, மறுமொழி சொல்ல அவகாசம் அளிக்கவேண்டும். நிலத்தை நம்பிப் பிழைக்கும் ஏழைக்கு ரூ.2,000 என்பது ஒரு மூட்டை உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் ஆகும் பணம். பருவம் தவறிக் கிடைத்தால் அது பயன்படாது.

கண்காணிப்பின் நோக்கம், தகுதியற்றவனைத் தடுப்பதோடு தகுதியுள்ளவனுக்கு உரிய காலத்தில் கிடைக்கச் செய்வதுமாகும். முதலாவதை மட்டும் கவனித்தால் தாது வருஷத்துப் பிழையும், இரண்டாவதை மட்டும் கவனித்தால் 2020-ஆம் வருஷத்துப் பிழையும் நேரும். எழுதும் கை சுத்தமாயும், எழுதினது ஊரறிய வெளிப்பட்டும் இருக்குமானால் இவ்விரண்டுக்கும் இடமில்லை. வரும் கிராம சபையன்று குடியானவர்கள் பத்துப் பேராவது முன்வந்து, தங்கள் ஊர்ப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களானால், அதுவே நல்ல ஆரம்பமாகும்.